1929: சந்தை எழுந்தது எப்போது?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பங்குச் சந்தை எத்தனை முறை விழுந்தாலும் எழுந்துவிடும், 1929-இலும் ஒரே நாளில் விழுந்து சீக்கிரமே ஏறிவிட்டது என்று அலுவலக நண்பர் அடித்துச் சொல்கிறார். அந்த தைரியத்தில் கடன் வாங்கிப் பங்கு வாங்கச் சொல்கிறார். வரலாறு அப்படித்தானா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

அப்படி இல்லை. 1929 செப்டம்பர் 3 அன்று அமெரிக்கப் பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் டவ் ஜோன்ஸ் குறியீடு 381 புள்ளிகளைத் தொட்டது. அக்டோபர் 28, 29 ஆகிய இரண்டே நாளில் சுமார் 23 சதவீதம் போயிற்று. எல்லோருக்கும் நினைவிருப்பது இதுதான். ஆனால் 1930 ஏப்ரலில் குறியீடு மறுபடி 290-ஐத் தாண்டியது. ‘கண்டம் தாண்டிவிட்டது’ என்று நம்பி அப்போது உள்ளே போனவர்களை நினைத்தால்தான் எனக்கு மனசு கனக்கிறது. 1932 ஜூலை 8 அன்று அது 41-க்கு வந்து நின்றது. நூறு ரூபாய் பதினொரு ரூபாயானதற்குச் சமம். பழைய 381-ஐ மீண்டும் எட்டியது 1954 நவம்பரில். ஈவுத்தொகையையும், அந்தக் காலத்தில் விலைவாசி இறங்கியதையும் கணக்கில் சேர்த்தால் இந்த 25 ஆண்டு குறையும் என்பது உண்மைதான். ஆனால் கடன் வாங்கிப் பங்கு வாங்கியவருக்கு அந்தக் கணக்கால் பயனில்லை.

ஏனென்றால் அன்று பலர் வாங்கியது ‘மார்ஜின்’ முறையில். 100 டாலர் பங்குக்குக் கையிலிருந்து 10, 20 டாலர் போட்டால் போதும், மீதியைத் தரகர் கடனாகக் கொடுப்பார். விலை இறங்கினால் இன்னும் பணம் கட்டு என்பார். கட்டாவிட்டால் பங்கை விற்றுவிடுவார். அந்த விற்பனையே விலையை மேலும் இறக்கும், அடுத்தவருக்கும் ஓலை போகும்.

அக்டோபர் 24, வியாழக்கிழமையைப் பாருங்கள். அன்று கைமாறியவை ஏறத்தாழ 1 கோடியே 29 லட்சம் பங்குகள். விலைகளை நாடெங்கும் அச்சிட்டுத் தந்த ‘டிக்கர்’ இயந்திரத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. மூன்று மணிக்குச் சந்தை மூடியது, காகித நாடா ஏழு மணி தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. தரகர் அலுவலகத்தில் நாடாவைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்குத் தன் பங்கு இருக்கிறதா, விற்றுப்போனதா என்பதே தெரியாது.

அன்று மதியம் ரிச்சர்ட் விட்னி என்ற பங்குச் சந்தைத் துணைத்தலைவர், பெரிய வங்கிகளின் சார்பில் சந்தைக்குள் நடந்து வந்து, யு.எஸ். ஸ்டீல் நிறுவனப் பங்கை 205 டாலருக்கு வாங்கக் கேட்டார். விலைகள் சற்றே நிமிர்ந்தன. ஊரே அவரைக் கொண்டாடியது, பிறகு சந்தைக்கே தலைவரானார். 1938-இல் அடுத்தவர் பணத்தைக் கையாடியதற்காக சிங் சிங் சிறைக்குப் போனார்.

1934-இல் வந்த சட்டம்தான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ‘எஸ்.இ.சி.’ எனும் ஆணையத்தை உருவாக்கியது. மார்ஜின் கடனுக்கு வரம்பு விதிக்கும் அதிகாரத்தை மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்குத் தந்ததும் அதே சட்டம். 1974-லிருந்து அங்கே பாதிப் பணமாவது கையிலிருந்து போட வேண்டும்.

சொந்தச் சேமிப்பில், பல வருடம் தொட வேண்டியிராத பணத்தில் வாங்குவது வேறு பேச்சு. கடன் வாங்கி மட்டும் இறங்காதீர்கள். உங்கள் நண்பரும் இறங்கியிருக்கிறாரோ என்று கவலையாக இருக்கிறது. அவரிடமும் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.