என் துணியில் இன்னொருவர் போட்ட தையலைப் பிரிக்கலாமா?

கேள்வி: நாங்கள் எம்பிராய்டரியில் ஈடுபாடுள்ள ஆறு பேர். ஆளுக்கொரு துணியில் முதல் கட்டத்தைத் தைத்து அடுத்தவருக்கு அஞ்சலில் அனுப்புகிறோம். அவர் ஒரு கட்டத்தை நிரப்பி அதற்கடுத்தவருக்கு அனுப்புவார். ஆறு பேரும் தைத்த பிறகு துணி உரியவரிடம் திரும்பும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை துணிகளை மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தோம். என் துணிக்கு ஆறு பறவைகளைத் தேர்ந்தெடுத்தேன். மூன்றாவதாகத் தைத்தவர் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் வருத்தமாகிவிட்டது. நான் கொடுத்திருந்த சாம்பல் நூலுக்குப் பதிலாகப் பழுப்பு நூலில் தைத்திருக்கிறார். இரண்டு இழைகள் X வடிவில் ஒன்றன்மேல் ஒன்று விழும் கிராஸ் ஸ்டிச்சில் மேலே வரும் இழை மற்ற கட்டங்களுக்கு எதிர்த்திசையில் சாய்ந்திருக்கிறது. துணியும் சுருங்கியிருப்பதுபோல் தெரிகிறது. நான்காமவரிடம் துணி போய் ஐந்து மாதமாகிறது. எந்தத் தகவலும் இல்லை. துணி திரும்பியதும் மூன்றாவது கட்டத்தை யாரிடமும் சொல்லாமல் பிரித்து நானே தைத்துக்கொள்ளலாமா? நான்காமவரிடம் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது? இனிமேல் இத்தகைய குழுவில் சேரலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் முதலில் கேட்டிருப்பது பிரிப்பதைப் பற்றி. ஆனால், துணி இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை என்பதால், அதை வரவழைக்கும் வழியை முதலில் பார்ப்போம்.

ஆறு பேர், ஆறு துணி என்ற ஏற்பாட்டில் எல்லோர் கையிலும் எப்போதும் ஒரு துணி இருக்கும் என்பதுதான் கணக்கு. ஒருவர் நிறுத்திவிட்டால் அந்தக் கணக்கு இரண்டு பக்கமும் கெடுகிறது. ஐந்து மாதத்தில் இரண்டு மாற்றங்கள் கடந்துவிட்டன. ஆகவே நான்காமவரிடம் உங்கள் துணியோடு வேறு இரண்டு துணிகளும் சேர்ந்திருக்கக்கூடும். ஐந்தாமவருக்கு இரண்டு முறையும் ஒன்றும் வந்திருக்காது. ஆறாமவருக்குக் கடந்த முறை வந்திருக்காது. இப்படியே போனால் அடுத்த மாற்றத்தில் உங்கள் கைக்கும் துணி வராது. இதை விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் இதை உங்கள் ஒரு துணி பற்றிய தனிப்பட்ட மனக்குறையாகக் கருதித் தயங்குகிறீர்கள். இது குழு முழுவதையும் பாதிக்கும் தடங்கல் என்பதால், கேட்பதில் தவறேதும் இல்லை. கேட்காமல் இருப்பதுதான் மற்றவர்களுக்கும் சிரமம்.

எப்படிக் கேட்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். "எப்போது முடிப்பீர்கள்?" என்று கேட்காதீர்கள். முடிக்க முடியாமல்தான் அவர் பேசாமல் இருக்கிறார். உடல்நலமோ வீட்டுப் பொறுப்போ காரணமாக இருக்கலாம். கட்டம் அவருடைய பழக்கத்துக்கு மீறிய கடினமானதாக இருக்கலாம். துணியில் ஏதாவது கறை பட்டு, அதைச் சொல்லக் கூச்சப்படுவதும் உண்டு. நாட்கள் கூடக் கூட அந்தக் கூச்சமும் கூடி, ஒரு வரி எழுதுவதே அவருக்குப் பெரும் சுமையாகிவிடும். ஆகவே நீங்கள் எழுதும் கடிதம் அவருக்கு ஒரு வழியைத் திறந்துவிட வேண்டும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "என் துணியில் தைக்க இப்போது நேரம் அமையவில்லை என்றால் தைக்காமலேயே அடுத்தவருக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் கட்டம் காலியாகவே இருக்கட்டும். விரும்பினால் கடைசியில் தைத்துத் தரலாம், இல்லையென்றால் நானே நிரப்பிக்கொள்கிறேன். துணிக்கு ஏதாவது நேர்ந்திருந்தாலும் அப்படியே அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த மாத முடிவுக்குள் அனுப்ப முடியுமா? அஞ்சல் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்." ஒரு நாளைக் குறிப்பிடுவது முக்கியம், காரணம் கேட்காமல் இருப்பது அதைவிட முக்கியம். இதற்கும் பதில் வராவிட்டால், குழுவை ஒருங்கிணைப்பவர் மற்ற இரண்டு துணிகளையும் சேர்த்து, எல்லோர் சார்பிலும் எழுதட்டும் அல்லது தொலைபேசியில் பேசட்டும். அதற்கு முன்பாகவே குழுவில் எல்லோரும் படிக்கும்படி அவரைப் பற்றி எழுதுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அப்படி எழுதியபின் துணி திரும்பினாலும் அந்த மனிதர் திரும்ப மாட்டார்.

இனி மூன்றாவது கட்டத்துக்கு வருவோம். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதால்தான் கட்டமே கெட்டுவிட்டதுபோல் தோன்றுகிறது. அவை வெவ்வேறு தன்மையுடையவை.

எதிர்த்திசை இழையை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பயன்படுத்தும் ஆறு இழைப் பருத்தி நூல் பளபளப்பு ஏற்றப்பட்டது. மேலே கிடக்கும் இழை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கேற்ப ஒளியைத் திருப்பி அனுப்பும். எனவே ஒரே நிற எண்ணுள்ள நூலிலேயே தைத்திருந்தாலும் திசை மாறிய பகுதி ஒரு சாயல் கூடியோ குறைந்தோ தெரியும். ஒரே பறவையின் உடலுக்குள் பாதி இப்படியும் பாதி அப்படியும் இருந்தால் அது கண்ணை உறுத்தும். பிரிப்பதில் நியாயம் உண்டு. கட்டம் முழுவதும் ஒரே சீராக எதிர்த்திசையில் இருந்தால் அதைக் குறையாக நான் எண்ணமாட்டேன். ஒவ்வொரு கட்டமும் தனித்தனிப் பறவை. நடுவில் வெற்றுத் துணி இருக்கிறது. சாய்ந்த வெளிச்சத்தில், ஓரடி தொலைவில் எடுத்த படத்தில் கண்ணில் பட்ட வேறுபாடு, சட்டமிட்டு மாட்டியபின் நான்கடி தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. தவிர, இடக்கைப் பழக்கமுள்ள பலருக்கு அந்தத் திசையே இயல்பாக வரும். உங்கள் தோழியிடம் அதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களா?

சுருக்கத்தைப் பற்றித் துணி கையில் வரும்வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள். தைக்கும்போது துணியை இழுத்துப் பிடிக்கும் வளையத்திலிருந்து கழற்றி, உறையில் மடித்து, பல கைகள் மாறிய துணி எதுவும் தட்டையாக இருக்காது. ஆறு கட்டங்களும் முடிந்தபின், முதலில் நனைத்த வெள்ளைத் துணித் துண்டால் சிவப்பு, கறுப்பு, அடர்நீல நூல்களின் மேல் ஒற்றிப் பார்த்துச் சாயம் இறங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புக் கரைசலில் அலசி, முறுக்கிப் பிழியாமல் தடித்த துண்டில் சுருட்டி ஈரத்தை எடுங்கள். அதே துண்டின் மேல் தையல் பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, ஈரம் இருக்கும்போதே பின்புறத்தில் இஸ்திரி போடுங்கள். பெரும்பாலான சுருக்கங்கள் இதிலேயே போய்விடும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: கட்டங்களைக் குறிக்க யாராவது நீரில் கரையும் பேனாவால் கோடு போட்டிருந்தால், அலசுவதற்கு முன் இஸ்திரிப் பெட்டி அதன் பக்கமே போகக் கூடாது; சூடு பட்டால் அந்த மை நிலைத்துவிடலாம். இவ்வளவுக்குப் பிறகும் பறவையைச் சுற்றித் துணி குவிந்தே இருந்தால், நூலை அளவுக்கு மீறி இழுத்திருக்கிறார் அல்லது இரண்டு இழை போட வேண்டிய இடத்தில் மூன்று போட்டிருக்கிறார் என்று பொருள். அது துணியையே பாதிக்கும் குறை. அந்தப் பகுதியைப் பிரிக்கலாம்.

பழுப்பு நிறம்தான் உங்களுக்கு உண்மையான வருத்தம் என்று கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது. நூலை நீங்கள் கட்டாயமாகக் குறிப்பிட்டுக் கொடுத்தீர்களா, பரிந்துரையாகக் கொடுத்தீர்களா என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள். ஒரு நூல்கண்டு 8 மீட்டர். ஆறு இழையையும் பிரித்து இரண்டிரண்டாகத் தைத்தால் 24 மீட்டர் கிடைக்கும். ஒரே கண்டைப் பல பேர் பகிரும்போது மூன்றாமவர் கைக்கு வருவதற்குள் அது தீர்ந்துபோயிருப்பது அரிதன்று. அப்படியானால் அவர் கைக்கு எட்டிய நெருக்கமான நிறத்தைப் போட்டிருக்கிறார். வேண்டுமென்றே மாற்றியிருந்தாலும்கூட, பறவை பறவையாகத் தெரிகிறதென்றால், விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. ஆறு பேரின் கை ஒரு துணியில் படவேண்டும் என்று விரும்பித்தானே அதை அனுப்பினீர்கள்? அந்த விருப்பத்துக்குள் அவர்களுடைய கண்ணும் நிறத்தேர்வும் அடங்கும்.

இருந்தும் பிரித்தே ஆகவேண்டும் என்று தோன்றினால், துணி உங்களுடையது. அந்த உரிமை உங்களுக்கு உண்டு. சொல்லாமல் செய்வதைத்தான் நான் ஏற்கமாட்டேன். ஓர் அங்குலத்துக்கு 14 தையல் விழும் 14 எண் ஐடா துணியில் ஐந்து அங்குலக் கட்டம் என்றால் 70-க்கு 70, அதாவது 4,900 தையல்களுக்கான இடம். பறவை அதில் பாதியை நிரப்பினாலும் 2,450 முறை ஊசி குறுக்கும் நெடுக்குமாக ஏறி இறங்கியிருக்கிறது. அவ்வளவு மாலைப்பொழுதுகளை உங்களுக்குக் கொடுத்த ஒருவர், முடிந்த துணியின் படத்தில் தம் பறவையைத் தேடிக் காணாமல் போனால் என்ன நினைப்பார்? "சுருக்கம் போகவில்லை, சிறகுப் பகுதியை மட்டும் பிரித்து மீண்டும் தைக்கிறேன், அல்லது நீங்களே தைத்துத் தருகிறீர்களா?" என்று ஒரு வரி எழுதிவிட்டுச் செய்யுங்கள். பிரிக்கும்போது முன்பக்கமாகத் தையலின் நடுவில் சிறிய கத்தரிக்கோலால் இரண்டு மூன்றாக வெட்டிக்கொண்டு, பின்பக்கமாகச் சாமணத்தால் இழுத்தெடுங்கள். நூலை உருவி உருவி இழுத்தால் துணியின் கண்கள் அகன்றுவிடும். அடர்நிற நூல் விட்டுச்செல்லும் பிசிறை ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுக்கலாம். பிரித்த நூலை மறுபடி பயன்படுத்தாதீர்கள். அது பளபளப்பு இழந்து மங்கித் தெரியும். பின்பக்கத்தில் நூல் முனை தளர்ந்திருப்பதை நான்கைந்து தையல்களுக்கு அடியில் செருகுவதும், வெற்றிடத்தின் குறுக்கே ஓடி முன்பக்கம் நிழலாடும் கறுப்பு இழையை வெட்டி முனையைச் செருகுவதும் பராமரிப்பு வேலைகள். அவற்றுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மீண்டும் சேரலாமா என்ற கேள்விக்கு, பல கை சேர்ந்த இரண்டு பெரிய வேலைகளைச் சொல்கிறேன். 1942-ல் சிங்கப்பூரின் சாங்கி சிறையில் ஜப்பானியப் படை அடைத்துவைத்திருந்த பெண்கள், ஆளுக்கு ஆறு அங்குலச் சதுரம் ஒன்றில் தாங்கள் விரும்பிய படத்தைத் தைத்துத் தங்கள் பெயரையும் இட்டார்கள். 66 சதுரங்களை இணைத்து ஒரு போர்வை என்ற அளவில் மூன்று போர்வைகள் உருவாயின. வேறிடத்தில் சிறைப்பட்டிருந்த கணவன்மார் அந்தப் பெயர்களைக் கண்டு, தம் மனைவி உயிரோடு இருப்பதை அறியவேண்டும் என்பது ஒரு முக்கிய நோக்கம். அங்கே ஒவ்வொரு சதுரமும் தைத்தவரைப் போலவே இருந்தாக வேண்டும். மாறாக, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வரலாற்றைச் சொல்லும், 1981-ல் இங்கிலாந்தில் தொடங்கிய குவேக்கர் தொங்குசீலையில் 77 பகுதிகளை 4,000-க்கும் மேற்பட்டோர் பல ஆண்டுகளில் தைத்தார்கள். எல்லாம் ஒரே வேலையாகத் தெரிய வேண்டும் என்பதால், எந்தெந்தத் தையல்களைப் பயன்படுத்துவது என்பதை முதலிலேயே வகுத்துக்கொண்டார்கள். இரண்டும் வெற்றி பெற்றதற்குக் காரணம், எதை எதிர்பார்க்கிறோம் என்பது ஊசி துணியில் இறங்கும் முன்பே தைப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் குழுவில் சாங்கி முறையில் துணியை அனுப்பிவிட்டு, குவேக்கர் முறையில் திரும்பிவர வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கிறீர்கள். எதிர்பார்ப்பில் தவறில்லை, ஆனால் அதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே சேருங்கள், ஆனால் அடுத்த முறை துணியோடு ஒரு பக்கக் குறிப்பு போகட்டும். அதில் விட்டுக்கொடுக்க முடியாதவற்றை மட்டும் எழுதுங்கள்: மேல் இழை எந்தப் பக்கம் சாய வேண்டும், எத்தனை இழை, முடிச்சுப் போடலாமா கூடாதா, எந்தப் பேனா கூடாது. எழுத்தோடு ஒரு மூலையில் நான்கு தையல் போட்டுக் காட்டிவிடுங்கள். ஆயிரம் விளக்கத்தைவிட அது தெளிவு. மற்றவை உங்கள் விருப்பம் என்று அதிலேயே எழுதிவிட்டால் தைப்பவருக்கும் அச்சமிருக்காது. ஒவ்வொரு கட்டத்துக்கும் வேண்டிய நூலை எண்ணோடு தனித்தனி அட்டையில் சுற்றி வையுங்கள். விளிம்பில் பிசிறு எழாதபடி ஓரம் அடித்து, சுற்றிலும் மூன்று அங்குலம் இடம் விடுங்கள். துணியை மடிக்காமல் சுருட்டி, ஊசியையும் வளையத்தையும் எடுத்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். ஊசித்துரு எளிதில் போகாது, வளையத் தடமும் அப்படித்தான். முதன்முறை பழகுவதற்கு ஆறு பேரைவிட நால்வர் போதும் என்பேன். ஒருவர் நின்றாலும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்தில் முடியாதவர் கட்டத்தைக் காலியாக விட்டுக் கடத்தலாம் என்பதையும் தொடக்கத்திலேயே விதியாக வைத்துவிடுங்கள். உங்கள் உள்ளம் முழுவதும் தோய்ந்த துணி ஒன்று இருந்தால், அதில் ஒரு தையல் மாறினாலும் தாங்க முடியாது என்றால், அதைச் சுற்றுக்கு அனுப்பாமல் நீங்களே தைத்துக்கொள்வதுதான் நல்லது.

இப்போது உங்களிடம் ஒருவருடைய துணி இருக்கும் என்று நினைக்கிறேன். உங்களுடையது வரவில்லை என்ற மனத்தாங்கலில் அதை நிறுத்தி வைத்துவிடாதீர்கள். கட்டத்தை முடித்து, பின்பக்க முனைகளைச் சரிபார்த்து, குறித்த தேதியில் அடுத்தவருக்கு அனுப்பிவிடுங்கள். நான்காமவருக்கான கடிதத்தை அதற்கும் முன்பாக, இந்த வாரமே எழுதுங்கள்.