மனைக்கல் ஊன்றும் முன்னே: கடலோர பிளாட்டுகள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (தேவிபட்டினம் பக்கம்): கண்மாய்க்குக் கீழே உள்ள நஞ்சையில பிளாட் போடப் போறாங்க. ஊரே கையெழுத்துப் போட்டு கலெக்டர்கிட்ட மனு கொடுத்தோம். ஒண்ணும் நடக்கலையே அண்ணே?

மனுவில் சர்வே எண் இருந்ததா? "விவசாயம் அழியுது" என்று மட்டும் எழுதினால் அது திங்கட்கிழமை மனுக்கட்டோடு சேர்ந்துவிடும். இ-சேவை தளத்தில் அ-பதிவேட்டையும் (நிலம் என்ன வகை, யார் பேரில் என்று சொல்லும் கிராமக் கணக்கு) புலப்படத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எடுங்கள். பக்கத்துப் பக்கத்து சர்வே எண்களின் படங்களைத் தரையில் சேர்த்து வைத்தால் வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்) எந்த வழியாக ஓடுகிறது என்று தெரியும். பிறகு நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போட்டு, பிளாட் போடுபவர்கள் அங்கே கொடுத்த மனை வரைபடத்தின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் பெரும்பாலும் ஒரே தில்லுமுல்லுதான்: வாய்க்கால் இருந்த இடத்தில் ரோடு ஓடும்.

அப்புறம் மனு இப்படி இருக்கட்டும்: "இன்ன சர்வே எண், இன்ன உட்பிரிவு வாய்க்கால் புறம்போக்கு. அகலம் இத்தனை மீட்டர். மனை வரைபடத்தில் காட்டப்படவில்லை." நகல் யாருக்கு என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் உள்ள கண்மாய் நீர்வளத்துறையிடம். அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். ஆள் மாறிக் கொடுத்தால் மாதக்கணக்கில் சுற்றும்.

கேள்வி (உச்சிப்புளி): சுற்றுச்சூழல் அனுமதி வாங்கலைன்னு வழக்குப் போடலாமா சார்?

வெறும் மனையாக விற்றால் 50 ஹெக்டேரை, அதாவது சுமார் 123 ஏக்கரைத் தொட்டால்தான் அது தேவை. கட்டடம் கட்டி விற்றால் 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பிலிருந்து தேவை. முப்பது ஏக்கர் பிளாட்டுக்கு இந்த வாதத்தை எடுத்தால் முதல் நாளே அடிபடும்.

கேள்வி (வாலிநோக்கம் பக்கம்): கடலுக்கு 150 மீட்டர்ல பனங்காடு. 50 மீட்டர் தாண்டினா போதும்னு புரோக்கர் சொல்றார், நிசமா?

பாதி உண்மை. 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில் 50 மீட்டர் சலுகை, 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் கிராமப் பகுதிக்குத்தான். அதுவும் அந்த அறிவிக்கைப்படி கடலோர மேலாண்மை வரைபடம் ஒப்புதலான பிறகு. உங்கள் ஊரின் மக்கள்தொகையைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். 4,000 பேர், 10 சதுர கிலோமீட்டர் என்றால் 400 தான் வரும். அப்போது உயர் அலைக்கோட்டிலிருந்து (அலை மிக அதிகமாக ஏறும் எல்லைக்கோடு) 200 மீட்டர் வரை கட்டத் தடை. அலை நனைத்த தடத்தை டேப் வைத்து அளக்காதீர்கள். வரைபடத்தில் உள்ள கோடுதான் கணக்கு. காரங்காடு மாதிரி அலையாத்திக் காடு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், அதை ஒட்டி 50 மீட்டர் காப்புப் பட்டையும் உண்டு.

கேள்வி (சாயல்குடி): நாலு வீடு வந்தா தண்ணிக்கு என்ன கேடு வரப்போகுது?

மணல் மேட்டுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி இருக்கும் என்பது கணக்கு. திருப்பிப் பாருங்கள்: மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால் அடியில் உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். மனைக்கு ஒரு போர் என்று இறக்கினால், முதலில் உவர்ப்பது பக்கத்து ஊற்றுக்குழிதான். கிராவல் கொட்டி மேட்டைக் கெட்டிப்படுத்தினால் மழைத்தண்ணீர் இறங்குவதும் குறையும்.

கேள்வி (தொண்டி): கிராமசபைத் தீர்மானம் எடுபடுமா?

தடையாணை ஆகாது, ஆனால் ஆவணம். தீர்மானப் புத்தகத்தில் சர்வே எண்ணோடு ஏறியதா என்று பார்த்து, நகல் வாங்கிவிடுங்கள். வருஷத்தில் நடக்கும் ஆறு கிராமசபைக் கூட்டத்தில் மார்ச் 22 தண்ணீர் தினக் கூட்டம் இதற்கு ரொம்பப் பொருத்தம்.

கேள்வி (கீழக்கரை): கல் ஊன்றியாச்சு. இனிமே?

அனுமதி எண்ணைக் கேளுங்கள். 20.10.2016க்குப் பின் பிரித்த அனுமதியற்ற மனையைப் பதிவுச் சட்டம் 22-அ பிரிவு தடுக்கிறது; சார்பதிவாளருக்கு எழுத்தில் கொடுங்கள். கடற்கரை அனுமதி கொடுத்திருந்தால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு 30 நாளுக்குள்; தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதைத் தாண்டினால் கதவு திறக்காது.