பழைய சுவிட்சுக்குப் புது ஐஓஎஸ்: மலையகத்துக் கேள்விகளும் என் பதில்களும்

தேயிலைத் தொழிற்சாலை, தோட்ட ஆபீஸ், பாடசாலைக் கணினி அறை என்று பல வருசமாக வயர் இழுத்துத் திரிகிறவன் நான். இந்தப் பக்கத்தில் ராக்கைத் திறந்தால் அனேகமாக உள்ளே இருப்பது சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960தான், அதாவது கணினிகளை வயரால் ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வேர்க் சுவிட்ச். அதை இயக்குகிற சிஸ்கோ மென்பொருளான ஐஓஎஸ்ஸைப் புதுப்பிப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்திலேயே தட்டுங்கள்.

தலவாக்கலையிலிருந்து ஒரு கிளாக்கர்: அண்ணே, எங்கள் சுவிட்ச் 12.2 பதிப்பில் குறையில்லாமல் ஓடுகிறது. எதற்கு நோண்ட வேண்டும்?

ஓடுகிற இயந்திரத்தில் கை வைக்காதே என்று சொல்கிற ஆள்தான் நானும். ஆனால் இதில் இரண்டு பெரிய ஓட்டை இருக்கிறது தம்பி. 2017 மார்ச்சில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட சிஐஏ ஆவணங்களை ஆராய்ந்த சிஸ்கோ, டெல்நெட் (தூரத்திலிருந்து சுவிட்சுக்குள் நுழையும் பழைய வழி) திறந்திருந்தால் கடவுச்சொல்லே இல்லாமல் சுவிட்சைக் கைப்பற்றலாம் என்று அறிவித்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட மாடல்கள், 2960உம் சேர்த்தி. அடுத்த வருசம், புதுச் சுவிட்சைத் தானாக அமைத்துத் தரும் ஸ்மார்ட் இன்ஸ்டால் வசதியிலும் ஓட்டை வந்தது. அந்த வசதி 4786ஆம் போர்ட்டில் (இணைப்பு வந்து சேரும் இலக்கமிட்ட வாசல்) இணைப்புக்குக் காத்துக்கொண்டிருக்கும், நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும்.

15.0(2)எஸ்இ வரிசையின் கடைசிப் பதிப்புக்கு ஒரே தடவை ஏறிவிடுங்கள். இன்றைக்கே முடியாதென்றால் டெல்நெட்டை மூடி, அதைவிடப் பாதுகாப்பான எஸ்எஸ்எச் வையுங்கள், ஸ்மார்ட் இன்ஸ்டாலை நிறுத்த ‘நோ விஸ்டாக்’ தட்டுங்கள். மிகப் பழைய பதிப்பில் அந்தக் கட்டளையே இருக்காது. அப்போது ஏசிஎல் (எதை உள்ளே விடலாம், எதை மறிக்கலாம் என்ற பட்டியல்) போட்டு 4786ஐ மறிக்கத்தான் வேண்டும்.

ஹட்டனிலிருந்து: சப்போர்ட் ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது. ஃபைலுக்கு எங்கே போவது? கூட்டாளி ஒருவன் பென்டிரைவில் தருகிறேன் என்கிறான்.

பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தத்தை ஒப்பந்தம் இல்லாதவர்களும் கேட்டுப் பார்க்கலாம். சிஸ்கோவின் உதவி மையத்துக்குச் சீரியல் இலக்கத்தையும், அந்த ஓட்டை பற்றிய அறிவிப்பின் முகவரியையும் அனுப்புங்கள். பதில் வரக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கூட்டாளி நல்லவனாக இருக்கலாம், அவனுக்குத் தந்தவன் யார்? எங்கிருந்து வந்த ஃபைலானாலும், சுவிட்சுக்குள் ஏற்றியபின் ‘வெரிஃபை /எம்டி5’ தட்டி, வருகிற எழுத்து வரிசையை (அது ஃபைலின் கைரேகை மாதிரி) சிஸ்கோ வெளியிட்டிருப்பதோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அழித்துவிடுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து: பழைய ஃபைலை அழித்து இடம் பண்ணிவிட்டுத்தானே புதியதை ஏற்ற வேண்டும்?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றக் கேள்விகளுக்கும் உட்கார்ந்தேன். அழிக்காதீர்கள்!

முதலில் ‘டிர் ஃபிளாஷ்’ தட்டி, ஃபிளாஷில் (சுவிட்ச் ஃபைல்களை வைக்கும் நினைவகம்) என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடைசி வரியில் மொத்தம் 32514048 பைட் என்றும், பக்கத்தில் மிச்சம் எவ்வளவு என்றும் இருக்கும். புது ஃபைல் ஏறக்குறைய 11, 12 மெகாபைட். பெரும்பாலும் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். இடம் போதாவிட்டால் முதலில் போக வேண்டியது வெப் பக்கத்துக்கான எச்டிஎம்எல் கோப்புறை. அதை யாரும் திறப்பதில்லை.

நான் ஒருதடவை அழித்தேன். ஒரு தொழிற்சாலை, ஏப்ரல் மாதம், பின்னேரம் இரண்டு மணி. பழையதை அழித்து, டிஎஃப்டிபியில் (நெட்வேர்க் வழியாக ஃபைல் அனுப்பும் முறை) புதியதை ஏற்றத் தொடங்கினேன். திரையில் ஆச்சரியக்குறிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. பெரிய இடி ஒன்று விழுந்தது, கரண்ட் போனது, யூபிஎஸ் ஒரு முறை கீச்சிட்டு அதுவும் அடங்கியது. கரண்ட் வந்தபோது சுவிட்சில் ‘சுவிட்ச்:’ என்று ஒரே ஒரு சொல்தான் நின்றது. ஏற்றுவதற்கு ஐஓஎஸ்ஸே இல்லை.

மிச்சமிருந்த வழி, லேப்டொப்பை நேரே சுவிட்சில் செருகும் கன்சோல் கேபிளில் எக்ஸ்மோடம் என்ற பழைய முறையில் ஃபைலை அனுப்புவது. 9600 வேகத்தில் விநாடிக்கு 960 பைட்தான் போகும். கணக்குப் போட்டால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல். ‘செட் பாட் 115200’ என்று தட்டியிருந்தால் இருபது நிமிசச் சொச்சத்தில் முடிந்திருக்கும். அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை. வாட்ச்சர் மூன்று தடவை பிளேன்டீ கொண்டுவந்து தந்தார். நீங்கள் வேகத்தைக் கூட்டினால், வேலை முடிந்ததும் ‘அன்செட் பாட்’ தட்ட மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் அடுத்த தடவை 9600இல் வருகிறவருக்குத் திரையில் குப்பை எழுத்துத்தான் தெரியும்.

ஆகவே வரிசை இதுதான்: ஏற்று, எம்டி5 பார், ‘பூட் சிஸ்டம்’ கட்டளையில் புதுப் பெயரைக் கொடு, சேமி, ‘ஷோ பூட்’ தட்டிப் பெயர் சரியாக விழுந்திருக்கிறதா பார், அப்புறம்தான் ரீலோட் (சுவிட்சை மறுபடி தொடங்க வைப்பது). பழையது ஒரு மாதம் அங்கேயே கிடக்கட்டும். கன்சோல் கேபிள் கையில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

கொட்டகலையிலிருந்து ஒரு டீமேக்கர்: எந்த நேரத்தில் செய்தால் எங்களுக்குத் தொல்லை குறைவு?

சேர், ஞாயிறு கொழுந்து எடுக்காத தோட்டமென்றால் திங்கள் காலை ரோலர் ஓடாது. கொழுந்துத் தராசும் முதல் நிறுவைக்குத்தான் காத்திருக்கும். அந்த இடைவெளியில் முடித்துவிடலாம். மார்ச் – ஏப்ரல், ஒக்டோபர் – நவம்பர் மாதங்களில் பின்னேரத்தைத் தொடவே வேண்டாம், இடி சொல்லிக்கொண்டு வராது.

பண்டாரவளையிலிருந்து ஒரு டீச்சர்: எங்கள் பாடசாலையில் எட்டுத் துளை பிளாஸ்டிக் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதை எப்படி அப்டேட் செய்வது?

அந்த வகையில் நீங்கள் லொகின் பண்ணவோ அப்டேட் போடவோ ஒன்றுமில்லை டீச்சர். தூசு தட்டி வையுங்கள்.

பதுளையிலிருந்து: ரீலோட் கொடுத்துப் பத்து நிமிசமாகிறது, இன்னும் எழும்பவில்லை. பிளக்கைப் பிடுங்கவா?

கையை எடுங்கள்! 12.2இலிருந்து 15.0க்குப் போகும்போது முதல் தடவை உள்ளே சிப்பில் இருக்கிற மைக்ரோகோட் என்ற சிறு மென்பொருளையும் சேர்த்து மாற்றக்கூடும். கன்சோலில் பார்த்தால் அது என்ன செய்கிறது என்று ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் கரண்டைப் பிடுங்கினால் பெட்டியே போய்விடலாம்.

இன்னொன்று. பல வருசம் அணையாமல் ஓடிய சுவிட்சின் பவர் சப்ளை, ஒருதடவை அணைத்தால் திரும்ப எழும்பாமலே போவதுண்டு. ரீலோட் கட்டளை மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை, அதனால் அதுவே நல்லது.

நுவரெலியாவிலிருந்து: புதியது பிடிக்காவிட்டால் பழையதுக்குத் திரும்பலாமா? செட்டிங் எல்லாம் போய்விடுமா?

செட்டிங் போகாது. செட்டிங் ஃபைலான ‘கன்ஃபிக்.டெக்ஸ்ட்’ ஃபிளாஷில் தனியாக இருக்கிறது. ஆனால் விடிபி சேர்வராக (விலான் பட்டியலை மற்றச் சுவிட்சுகளுக்கும் அனுப்புவது) ஓடுகிற சுவிட்சில் விலான், அதாவது ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வேர்க்குகளின் பட்டியல் அதில் இருக்காது, ‘விலான்.டாட்’ என்ற ஃபைலில் இருக்கும். இரண்டையும் முதலில் லேப்டொப்புக்கு எடுங்கள்.

திரும்புவதில் ஒரு பொறி இருக்கிறது. 15ஆம் வரிசையின் சில பதிப்புகள் ‘எனேபிள் சீக்ரெட்’ என்ற நிர்வாகக் கடவுச்சொல்லை 4ஆம் வகை மறைப்பில் சேமிக்கும். 12.2க்கு அது புரியாது. புதியதில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் பின்வாங்கினால் வாசலிலேயே நிற்பீர்கள். பழைய பதிப்பில் எடுத்த கன்ஃபிக்கைத் திரும்பப் போட்டுவிட்டு ரீலோட் செய்யுங்கள்.

அவரே மறுபடியும்: அப்டேட் நன்றாக முடிந்தது. இப்போது புது லேப்டொப்பிலிருந்து எஸ்எஸ்எச் போகவில்லையே?

குறை சுவிட்சில் மட்டுமில்லை. லேப்டொப்பில் இருக்கும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச், 8.8 பதிப்பு வந்த 2021இலிருந்து, சுவிட்ச் தன்னை அடையாளம் காட்டும் பழைய ‘எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ’ முறையைத் தானாக ஏற்பதில்லை. அந்த ஒரு முகவரிக்கு மட்டும் லேப்டொப்பின் எஸ்எஸ்எச் கன்ஃபிக் ஃபைலில் அதை அனுமதியுங்கள். எல்லா முகவரிக்கும் நட்சத்திரக்குறி போட்டுத் திறந்துவிட வேண்டாம். சுவிட்ச் பக்கம் ஆர்எஸ்ஏ சாவியை 2048 பிட் நீளத்தில் புதிதாக உருவாக்கிக்கொள்ளுங்கள். சாவி உருவாக அந்தப் பழைய பிராசசர் கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுங்கள்.