சீசன் முடிந்து திரும்பிய எஞ்சினுக்கு வாரண்டி உண்டா?

கேள்வி: ஐயா, அப்பாவும் சித்தப்பாவும் ஐப்பசியில் எங்கள் ஃபைபர் படகில் கோடியக்கரை மீன்பிடி சீசனுக்குப் போய், பங்குனியில் கரையை ஒட்டியே ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். வந்த களைப்பில் 9.9 குதிரைத்திறன் எஞ்சினைக் கழற்றிக் கொட்டகையில் சாய்த்து வைத்துவிட்டோம். மூன்று வாரம் கழித்து மாட்டிப் பார்த்தால், பின்னால் பீய்ச்சி அடிக்க வேண்டிய தண்ணீர் நூல் போல ஒழுகுகிறது. சிறிது நேரத்தில் எஞ்சின் கொதித்து நின்றுவிடுகிறது. வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. உப்பு அரிப்புக்கு வாரண்டி கிடையாது என்கிறார் கடைக்காரர். தொழிலுக்கு வாங்கிய பொருள் என்பதால் நுகர்வோர் வழக்கும் போட முடியாதாம். உப்பு நீக்கும் திரவம் ஒரு கேன் வாங்கி ஊற்றச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
(வாசகர், தேவனாம்பட்டினம்)

பதில்: வழக்கு போட முடியாது என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை என்பது உண்மை. ஆனால் தன் பிழைப்புக்காக, சுயதொழிலில் தானே பயன்படுத்த வாங்குவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டம் விளக்கமும் சொல்கிறது. உங்கள் அப்பா தானே கடலுக்குப் போகிறவர். அவர் நுகர்வோர்தான். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு, வழக்கறிஞர் கட்டாயமில்லை. அதற்கு முன்னால் 1915 என்ற உதவி எண்ணில் தமிழிலேயே புகாரைப் பதியுங்கள்.

மனு போடலாம் என்பதால் ஜெயிக்கும் என்று அர்த்தமில்லை. வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்குத்தான். அரிப்பு, பராமரிப்புக் குறைவு இரண்டையும் எஞ்சின் நிறுவனங்கள் பெரும்பாலும் விலக்கியே எழுதுகின்றன. தொழிலுக்கு ஓடும் எஞ்சினுக்குப் பல நிறுவனங்கள் வாரண்டி காலத்தையே குறைத்துக் கொடுக்கின்றன. அட்டையை எடுத்து எந்த வகையில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சர்வீஸ் கணக்கையும் பார்க்க வேண்டும். 100 மணி நேரத்துக்கு ஒரு சர்வீஸ் என்று இருந்தால், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடும் எஞ்சினுக்கு 17 நாளில் அந்தக் கெடு வந்துவிடும். சீசன் முழுக்க ஒரு சர்வீஸும் இல்லை என்றால் உங்கள் பக்கம் பலவீனம்தான். வருத்தமாக இருந்தாலும் அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

கோளாறு எங்கே இருக்கும் என்று சொல்கிறேன். இந்த எஞ்சின் கடல்நீரையே உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஓடும்வரை உப்பு கரைந்தே இருக்கும். நிறுத்திக் காயவிட்டால்தான் உள்ளே படிகிறது. நாகப்பட்டினத்தில் ஒரு பட்டறையில் மெக்கானிக் என் கண்முன்னே ஒரு தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார். சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் பாகம் அது. வால்வைச் சுற்றிச் சட்டியில் அடிப்பிடித்த மாதிரி வெள்ளையாக உப்பு. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக விழுந்தது. அந்த நிலைக்குப் போனபின் திரவத்தை ஊற்றி ஓட்டுவதில் பயனில்லை. அடைத்த குழாயில் தண்ணீரே போகாதபோது மருந்து எப்படிப் போகும்? அந்தப் பணத்துக்கு இம்பெல்லர், தெர்மோஸ்டாட், கேஸ்கட் ஆகியவற்றைப் பில்லோடு வாங்குங்கள். இம்பெல்லர் என்பது தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரம். தண்ணீர் இல்லாமல் அரை நிமிடம் ஓடினாலும் இதழ் கருகிவிடும். கொட்டகையில் வைத்து யாராவது ஸ்டார்ட் செய்து பார்த்தார்களா என்று வீட்டில் விசாரியுங்கள்.

கியர் ஆயிலையும் ஒரு சொட்டு இறக்கிப் பாருங்கள். பால் விட்ட டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. புரொப்பல்லரைக் கழற்றினால் தண்டில் நைலான் நரம்பு சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தை அறுத்திருப்பது பல நேரம் தெரியும். ஆனால் நரம்பும் இல்லாமல், எஞ்சினைத் தட்டியதற்கான அடையாளமும் இல்லாமல் சீல் போயிருந்தால், அதைத் தயாரிப்புக் குறை என்று நீங்கள் தைரியமாகக் கேட்கலாம். அதனால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் எஞ்சினைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் போனில் படம் எடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி இல்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு ஆணையத்தில் நிற்காது.

அடுத்த முறை கரை ஏறிய அன்றைக்கே, சோறு தின்னும் முன்னால், ஒரு நீல டிரம்மை வாய் வெட்டி நல்ல தண்ணீர் நிரப்பி, புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு எஞ்சினை அதில் இறக்குங்கள். நியூட்ரலில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடட்டும். அப்புறம் நிமிர்த்தி வைத்தே தண்ணீரை வடியவிடுங்கள். அடியில் இருக்கும் ஜிங்க் கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதுதான் அதன் வேலை. பார்வைக்காக அதன் மேல் பெயின்ட் அடிக்கவே கூடாது.

கேள்வி: படகுப் பயணத்துக்கென்று தானாக ஊதும் லைஃப் ஜாக்கெட் வாங்கினோம். ஒன்று நனைந்து ஊதிவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம். காலியான கேஸ் சிலிண்டரையும், நனைந்தால் கரையும் மாத்திரையையும் மாற்றினால் போதும். அதே மாடலுக்கான செட்டாகப் பார்த்து வாங்குங்கள். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, வாயால் ஊதி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். காலையில் தளர்ந்திருந்தால் அதை மட்டும் யாருக்கும் மாட்டிவிடாதீர்கள். மற்ற ஜாக்கெட்டுகளின் சிலிண்டரைத் தராசில் வையுங்கள். அதன் மேல் பொறித்த எடை இருக்க வேண்டும்.

கேள்வி: தண்ணீர் புகாத போன் என்று விற்றார்கள். கடலில் நனைந்து செத்துவிட்டது.

பதில்: தண்ணீர் புகாது என்பதற்குப் பெட்டியில் போடும் ஐபி68 என்ற தரக்குறியீட்டின் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. தண்ணீர் சேதத்தை வாரண்டியில் சேர்க்காத நிறுவனங்களே அதிகம். ஆனால் கடலிலும் பயன்படுத்தலாம் என்று விளம்பரத்திலோ பெட்டியிலோ போட்டிருந்தால், அந்தப் பெட்டியும் பில்லுமே உங்கள் ஆதாரம். சார்ஜ் போடாமல், நல்ல தண்ணீரில் மேலாகக் கழுவித் துடைத்து, இன்றைக்கே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். அரிசியில் புதைத்து வைத்தால் உப்பு போகாது.