லேசர் வைத்தால் பார்வை திரும்புமா?

கேள்வி: அப்பாவுக்கு 15 வருடமாகச் சர்க்கரை. விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன, லேசர் வைக்க வேண்டும் என்கிறார்கள். பழையபடி பேப்பர் படிப்பாரா டாக்டர்?
- வாசகி, தேனி

பதில்: மறைக்காமல் சொல்கிறேன் அம்மா, இந்த லேசர் போன பார்வையைத் திருப்பித் தராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் வைக்கிறோம். புதுக் குழாய்கள் மிக மென்மையானவை. உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் நிறைந்துவிடும். விழித்திரையின் ஓரங்களில் லேசரால் சூடு வைத்தால் அந்தப் புதுக் குழாய்கள் சுருங்கும். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கண்பாவையை விரிக்கவும் கண் மரத்துப்போகவும் சொட்டு மருந்து விடுவார்கள். கருவிழி மேல் ஒரு லென்ஸை வைத்து, தாடையை மெஷினில் பதித்து உட்காரச் சொல்வார்கள். அப்புறம் கண்ணுக்குள் பளிச் பளிச்சென்று வெளிச்சம். ஒரு கண்ணுக்கு 1,200 முதல் 1,600 புள்ளிகள் வரை வைப்பதுண்டு. பெரும்பாலும் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துக்கொள்வோம். சில புள்ளிகள் சுருக்கென்று வலிக்கும். தலையை இழுக்காமல் வாயால் சொன்னால் போதும், வேகத்தைக் குறைப்பார்கள்.

அன்று மங்கலாகத்தான் தெரியும், துணைக்கு ஒருவர் போங்கள். இருட்டிலும் பக்கவாட்டிலும் பார்வை சற்றுக் குறையலாம். அப்பா ராத்திரியில் வண்டி ஓட்டுபவரென்றால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். திடீரென்று கறுப்பு நூல்கள் மிதந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பேப்பர் படிப்பது விழித்திரையின் நடுப்பகுதியைப் பொறுத்தது. அங்கே வீக்கம் இருக்கிறதா என்று விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் காட்டும். இருந்தால் கண்ணுக்குள் போடும் ஊசியால் எழுத்து ஓரளவு தெளிய வாய்ப்புண்டு.