ஸ்லைடிங் அலமாரிக் கதவில் கண்ணாடி: வாசகர் கேள்விகள்

இரண்டு கதவு ஸ்லைடிங் அலமாரி. இரண்டிலும் முகம் பார்க்கும் கண்ணாடி ஒட்டலாமா?

முன்னால் ஓடும் கதவில் தாராளமாக ஒட்டலாம். பின்னால் ஓடும் கதவில்தான் சிக்கல். இரண்டு கதவையும் ஒன்றன் பின் ஒன்றாகத் தள்ளி வைத்து, நடுவில் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். கண்ணாடி 4 மி.மீ., பசை 2, 3 மி.மீ., போதாததற்குக் கதவின் ஆட்டம் வேறு. 10 மி.மீ. இடைவெளியாவது இல்லையென்றால் பின் கதவை விட்டுவிடுங்கள். மீறி ஒட்டினால், முன் கதவு ஒவ்வொரு முறையும் கண்ணாடியை உரசிக்கொண்டே போகும்.

கதவு முழுக்க ஒட்டினால் ரோலர் தாங்குமா?

கண்ணாடியின் எடையை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. 210 செ.மீ. உயரம், 90 செ.மீ. அகலக் கதவில் 4 மி.மீ. கண்ணாடி ஒட்டினால் கிட்டத்தட்ட 19 கிலோ கூடும். ஏற்கெனவே இருக்கும் ரோலர், கதவின் எடையை மட்டும் மனதில் வைத்துப் போட்டதாக இருக்கலாம். கதவு எடையையும் கண்ணாடி எடையையும் கூட்டி, அதைத் தாங்கும் ரோலராக மாற்றிய பிறகு ஒட்டுங்கள்.

ஆனால் முழுக் கதவும் தேவையா என்று முதலில் யோசியுங்கள். தலை முதல் கால் வரை தெரிய, உங்கள் உயரத்தில் பாதிக் கண்ணாடி போதும். எவ்வளவு தள்ளி நின்றாலும் இதே கணக்குதான். கண்ணுக்கும் பாதத்துக்கும் நடுவில் கண்ணாடியின் கீழ் விளிம்பு, கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் நடுவில் மேல் விளிம்பு. வீட்டில் 180 செ.மீ. உயரமானவரும் 120 செ.மீ. பிள்ளையும் இருந்தால், தரையிலிருந்து 50 செ.மீ. தொடங்கி 175 செ.மீ. வரை வைத்தால் இருவரும் முழுசாகத் தெரிவார்கள். 45 செ.மீ. அகலம் வைத்துக்கொண்டால் எடை 6 கிலோவுக்குள். நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

மைக்கா ஒட்டிய கதவில் எந்தப் பசை நிற்கும்?

கண்ணாடிக்கென்றே விற்கும் பசை, அல்லது அமிலம் வெளிவிடாத நியூட்ரல் சிலிக்கான். வினிகர் மாதிரி புளித்த வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் பின்பக்க ரசத்தை அரித்துவிடும்.

கதவைக் கழற்றிப் படுக்க வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, பளபளப்பான மைக்காவாக இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். பசையை மேலிருந்து கீழாக, இடைவெளி விட்டுக் கோடு கோடாகப் போட வேண்டும். சிலிக்கான் இறுகுவது காற்றிலுள்ள ஈரத்தால். நான்கு ஓரமும் சுற்றிப் பூசினால் காற்று உள்ளே போக வழியில்லாமல் நடுவில் பச்சையாகவே கிடக்கும். ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விடுங்கள்.

அப்புறம், கீழ் விளிம்பைத் தாங்க ஓர் அலுமினிய சேனல் அவசியம். பசையை மட்டும் நம்பக் கூடாது. கதவு 18 மி.மீ. பலகை என்றால் 12 மி.மீ. திருகு போதும், நீளமானதைப் போட்டால் மறுபக்கம் எட்டிப் பார்க்கும்.

உடைந்தால் குழந்தைக்கு ஆபத்தில்லையா?

ஆபத்துதான். அதனால் பின்பக்கம் பாதுகாப்புப் படலம் ஒட்டிய கண்ணாடியாகவே கேட்டு வாங்குங்கள். உடைந்தாலும் சில்லுகள் படலத்தோடு ஒட்டி நிற்கும். செலவைக் குறைக்க இதைத் தவிர்க்காதீர்கள். விளிம்புகளைப் பாலிஷ் போட்டுத் தரச் சொல்லவும் மறக்க வேண்டாம். டஃபன்ட் (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடி என்றால் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது, அளவு முதலிலேயே சரியாக இருக்க வேண்டும்.

அக்ரிலிக் கண்ணாடி எடை குறைவாமே?

ஆமாம், அதே தடிமனில் பாதிக்கும் குறைவு. ஆனால் கீறல் விழும், கதவில் சிறு வளைவு இருந்தாலும் உருவம் நெளியும். குழந்தைகள் அறைக்குச் சரி. உடுத்திப் பார்க்கும் கண்ணாடிக்கு வேண்டாம்.

பழைய கண்ணாடியின் ஓரமெல்லாம் கறுத்துப்போய்விட்டது. சரிசெய்யலாமா?

ரசம் போனால் போனதுதான். ஓரத்தை மறைக்க மெல்லிய சட்டம் அடிக்கலாம். புதிது மாட்டினால், துடைக்கும் திரவத்தைக் கண்ணாடி மேல் பீய்ச்சாமல் துணியில் தெளித்துத் துடையுங்கள். வழிந்து கீழ் விளிம்பில் தேங்கும் ஈரத்திலிருந்துதான் பெரும்பாலும் இந்தக் கறுப்பு ஆரம்பிக்கிறது. அம்மோனியா கலந்த திரவம் என்றால் இன்னும் சீக்கிரம்.