நரம்புச் சுருட்டல்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: நின்றபடியே வேலை. கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கிறது. டாக்டர் சொன்ன ஸ்டாக்கிங்ஸ் (காலை இறுக்கிப் பிடிக்கும் நீண்ட காலுறை) முழங்காலுக்குக் கீழே வெட்டுகிறது. மேல் விளிம்பை மடித்துவிட்டாலும் பயனில்லை. கழற்றி வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வெட்டுவதற்குக் காரணமே அந்த மடிப்புதான். துணி இரட்டிப்பாகும் இடத்தில் அழுத்தமும் கூடி, கயிறு கட்டியது போலாகிவிடும்.

நரம்பு என்று நாம் சொன்னாலும், புடைத்திருப்பது சிரை, அதாவது அசுத்த ரத்தக் குழாய். அதற்குள் இருக்கும் வால்வுகள் சரியாக மூடாவிட்டால், மேலே ஏறிய ரத்தம் மறுபடி கீழே வடியும். சும்மா நிற்கும்போது கணுக்கால் சிரையில் 80 முதல் 90 மி.மீ. பாதரச அழுத்தம் இருக்கும். நடந்தால் கெண்டைச் சதை ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளும். நல்ல காலில் அந்த அழுத்தம் சுமார் 30க்கு இறங்கிவிடும். வால்வு கெட்ட காலில் அவ்வளவு இறங்காது. ஸ்டாக்கிங்ஸ் வெளியிலிருந்து அந்தச் சதைக்குக் கைகொடுக்கிறது.

காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போடுங்கள். எழுந்துவிட்டால், 20 நிமிடம் காலை உயர்த்திப் படுத்துவிட்டுப் போடுங்கள். குதிகால் வரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, முதலில் பாதத்தை நுழைத்து, குதிகாலைச் சரியாகப் பொருத்துங்கள். பிறகு சுருக்கமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக மேலேற்றுங்கள். முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். அதற்கு மேல் நீண்டால் அளவு தவறு, மடிக்காமல் மாற்றுங்கள். வீக்கமில்லாத காலை நேரத்தில் கணுக்காலின் ஒடுங்கிய இடத்தையும் கெண்டைக்காலின் பருத்த இடத்தையும் அளந்து வாங்குவதே சரி.

சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்பவர்களும் காலுக்குச் சுத்த ரத்தம் ஒழுங்காக வருகிறதா என்று முதலில் பரிசோதிக்க வேண்டும். விரல்கள் வெளுத்தாலோ மரத்தாலோ உடனே கழற்றுங்கள்.

கேள்வி: ஒரு கால் மட்டும் இரண்டு நாளாக வீங்கி வலிக்கிறது. நீவிவிடலாமா?

பதில்: தயவுசெய்து நீவாதீர்கள். ஆழ்சிரையில், அதாவது காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் சிரையில், ரத்தம் உறைந்திருக்கலாம். அந்த ரத்தக்கட்டி பெயர்ந்தால் நுரையீரல் ரத்தக் குழாயை அடைக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தெரியும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி இரு கால்களையும் டேப்பால் சுற்றி அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. வித்தியாசம் குறைவு என்றும் இருந்துவிட வேண்டாம்; இன்றே டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) எடுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: புடைத்த சிரை கீறி ரத்தம் பீறிட்டால்?

பதில்: உடனே படுத்து, காலை நெஞ்சுக்கு மேல் தூக்குங்கள். சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். மேலே கயிறு கட்டினால் ரத்தம் திரும்பும் வழி அடைபட்டு இன்னும் அதிகமாகக் கொட்டும். ரத்தம் நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.